பிழை எண் 212

ஒசாகா, எண்பத்தொன்பது, விடாத மழை.
சுவரில் மோதுவது என் உத்தியோகம்:
வாள்வீரனை ஓடவிட்டு, ஓட்டை கண்ட இடத்தைக்
குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கட்டத்தில் அருவிக்குப் பின்னால்
குனிந்து ஏழு முறை பொத்தானைத் தட்டினால்
ஒரு சிவப்புக் குடை. மடக்கியது.
எங்கள் ஆட்டத்தில் மழையே கிடையாது.
ஆற்றுக்கு அக்கரைக் கம்பெனியின்
துப்பாக்கிக்காரி தூக்கித் திரியும் குடை அது.

வரைந்தவர் இசோபே. கேட்டேன்.
"அறுபத்துநான்கு பைட் மிச்சமிருந்தது"
என்றார், நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து முகம் எடுக்காமல்.
212 என்று எழுதினேன். அடித்தேன்.

மறுவருடம் அக்கரை ஆட்டத்தைக்
காசு கொடுத்து வாங்கினேன்.
பழக்கதோஷம், அங்கும் சுவர் சுவராக மோதினேன்.
கப்பலின் அடித்தளத்தில், பதினோராவது பீப்பாய்க்குள்
எங்கள் வீரனின் வைக்கோல் செருப்பு.
ஒற்றை. இடது.

இசோபேயிடம் சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இருக்கவில்லை போல.
எங்கள் இரண்டாம் பாகத்தில்
வீரன் இடது கால் வெறுங்காலாக ஓடி வந்தான்.

நாலு புள்ளி நிறம் விட்டுப்போயிற்றே என்று
மேலாளர் குராமோச்சி திரையைத் தட்டினார்.
இசோபே பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

சோதித்தாயிற்று என்றேன்.
பிழை இல்லை.