ரெட்டும் ஃபாலோவும்

காசிமேட்டில் கரண்ட் போன இரவு.
மடிக்கணினியில் பதினோரு சதவீதம்.
ரெமி கிளப்பிலிருந்து கொண்டுவந்த கேரம் காய்களைக்
கட்டைப்பையில் கொட்டினேன்.
போரிக் பவுடர் மூக்கில் ஏறி
இரண்டு பேரும் தும்மினோம்.

கறுப்பு பெண். வெள்ளை ஆண்.
"மாத்தி வச்சா இன்னா?" என்றான்.
வைத்தாலும் ஒன்றும் மாறாது.
அதுதான் கணக்கே.

பகலில் நான் மண்டல அலுவலகத்தில்
பிறப்புச் சான்றிதழ் கவுன்டர்.
ஓர் எழுத்துப்பிழைக்காக நான்காம் முறை வருகிறவர்கள்,
பெயர் இல்லாத கட்டத்தோடு கல்யாண வயதுக்கு வந்தவர்கள்.
இரவில் தபால்வழிப் புள்ளியியல், இரண்டாம் வருடம்.
ஒப்படைப்பு இது:
ஒரு விதியை எடு.
பத்தாயிரம் குடும்பங்களை அதன்படி பெறச் சொல்.
ஊர் பெருகுகிறதா, பார்.

நான் எடுத்த விதியை எங்கள் தெருவில்
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை:
பையன் வரும்வரை.

ஒரு காயை எடு, எழுது, திரும்பப் போடு, குலுக்கு.
ரெமி திரும்பப் போட மறந்துகொண்டே இருந்தான்.
போடாவிட்டால் பைக்கு ஞாபகம் வந்துவிடும்.
மூன்று கறுப்பு போய்விட்டதே, இனி வெள்ளைதான் என்று
மிச்சம் இருப்பவை உள்ளே பேச ஆரம்பித்துவிடும்.
கருப்பைக்கு அந்த ஞாபகம் கிடையாது.
ஐந்தாவது தடவையும் அது
முதல் தடவையாகத்தான் சுண்டுகிறது.

அறுபத்து நான்கு குடும்பம் கையால்.
ஐஸ் உடைக்கும் மிஷின் திடீரென்று கத்தியது, கரண்ட் வந்தது.
மிச்சத்தைக் கணினி பெற்றது, ஒரு கொட்டாவி நேரத்தில்:
ஆண் பத்தாயிரம்.
பெண் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.

"பொண்ணுங்கதான ஜாஸ்தி இருக்கணும்?"
அவன் நம்பவில்லை.
நானும் நம்பாமல் மூன்று முறை ஓட்டினேன்.
பாதி வீடுகள் முதல் காயிலேயே எழுந்து போய்விடுகின்றன.
அதை ஈடுகட்ட
எங்கள் மாதிரி வீடுகள் உட்கார்ந்திருக்கின்றன.
சராசரி இரண்டு. இரண்டு பேருக்குப் பதில் இரண்டு பேர்.
ஊர் பெருகவும் இல்லை, தேயவும் இல்லை.
மூன்றோடு நிறுத்து என்றால் ஒன்றே முக்கால்.
தலைகள் கூடும், குறையும்;
பாதிக்குப் பாதி மட்டும் அசையாது.
அசைய வேண்டுமென்றால்
யாராவது பைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.
பார்த்திருக்கிறார்கள்.
என் கவுன்டரில் சில வருடத்துப் பேரேடுகள்
ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

பவுலின், ரோசாலி, டெல்பின், நான், ரெமி.
க க க க வெ.
முப்பத்திரண்டில் ஒரு வீடு.
நோட்டில் அப்படி இரண்டு வரிசை விழுந்திருந்தது.
ஒன்றின் ஓரத்தில் எங்கள் கதவு எண்ணைக் கிறுக்கினேன்.

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா
நிமிராமல் சொன்னாள்:
"ஒண்ண உட்டுட்ட."
எங்கே?
"டெல்பினுக்கும் உனுக்கும் நடுவுல."

பையைத் தலைகீழாக உதறினேன்.
இத்தனை குலுக்கலிலும் கைக்கு வராமல்
அடித்தையலில் சிக்கியிருந்த சிவப்பு
தரையில் உருண்டது.

"என்ன கொழந்தம்மா?"
"காட்லயே. துணில சுத்தி எட்த்துனு பூட்டாங்க."

என் நிரலில் இரண்டே கட்டம்.
அது வெள்ளையாக இருந்து
ஒருமுறை அழுதும் இருந்தால்
விதி அங்கேயே நின்றிருக்கும்.
நாலு பிள்ளையோடு வரிசை முடிந்திருக்கும்.
இந்த நோட்டுக்கும் ஆள் இல்லை,
அந்தக் கிளப்பில் ஒரு நாற்காலியும் காலி.
கறுப்பாக இருந்தால் நான் ஐந்தாவது.
எது என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை.

கேரமில் சிவப்பு விழுந்தால் மட்டும் போதாது.
பின்னாலேயே இன்னொரு காய் விழ வேண்டும்.
விழாவிட்டால் சிவப்பைத் திரும்ப நடுவில் வைத்துவிடுவார்கள்.
பதினான்கு மாதம் கழித்து
நான் விழுந்தேன்.

"அக்கா, ரெட்ட குடு. காலைல மேட்ச்சு."
கை நீட்டியபடி நிற்கிறான்.
அம்மா முறத்தைத் தட்டுகிறாள்.
கணினி, நான் நிறுத்த மறந்ததால்,
அடுத்த பத்தாயிரம் வீடுகளில் பெற்றுக்கொண்டிருக்கிறது.

இருடா என்கிறேன்.
காய் உள்ளங்கையில் சூடாகியிருக்கிறது.