நிலைக் குறிப்பு, எண் 118

பாடாங் செராயில்
பழைய தோட்ட ஆஸ்பத்திரிதான் இப்போது அருங்காட்சியகம்.
பிணங்கள் காத்திருந்த அறையில்
குளிர் நன்றாக நிற்கிறது என்பதால்
பொன்னுரங்கத்தை அங்கே வைத்திருக்கிறோம்,
பதினோரு பெட்டிகளாக.

எண் 9: ரப்பர் ஷீட்டில் ஈய எழுத்தை அழுத்திப்
புகைக்கூண்டில் காயவிட்ட கவிதை.
‘ழ’ மட்டும், எழுபது தடவை.
வெயில் நாளில் ஒட்டிக்கொள்கிறது.
பிரித்தால் இந்தப் பக்கம் பாதி ழ, அந்தப் பக்கம் பாதி.

எண் 31: கிராணியாக இருந்தபோது எழுதிய பேர்புத்தகம்.
ஆட்களின் பெயர் வரவேண்டிய இடத்தில்
அந்த வருஷத்து மழைகளின் பெயர்கள்.
வேலை போனது இதனால்தான்.

எண் 77: ஈயம் வைத்து மூடிய பால் டின்.
‘திறந்தால் முடிந்தது’ என்று மேலே கையெழுத்து.
ஆட்டினால் ஏதோ நகர்கிறது.
ஆட்டக் கூடாது என்று எழுதி ஒட்டியவள் நான்தான்,
ஆட்டிப் பார்த்த பிறகு.

மாநிலத்து அதிகாரி கேட்டார்:
இதெல்லாம் ஓவியமா, எழுத்தா?
பாரத்தில் ஒரு கட்டம்தான்.
‘மற்றவை’ என்று போட்டேன்.

118 மட்டும் வராமல் இருந்தது.
லியாவ் கடையின் கடன் புத்தகம்.
கையொப்பத்துக்குப் பதிலாக
வாங்கிய சாமானையே வரைந்து வைத்திருக்கிறார்:
கருவாடு. பார் சோப்பு, கால் கட்டி.
மண்ணெண்ணெய் என்பது
தாளில் ஊறிய ஒரு நீல ஈரம்.

கடைக்காரரின் மகள் மெய் கியோக்
தோட்டத் தமிழில் சொன்னாள்:
பாக்கி தீராம புக்கு எப்படிக் குடுக்கிறது?
நாற்பத்து மூன்று வெள்ளி அறுபது காசு.
செத்தவர் கடனை அடைக்க
எங்கள் கணக்கில் தலைப்பு கிடையாது.

என் பையிலிருந்து ஐம்பது கொடுத்தேன்.
ஆறு நாற்பதைத் திருப்பி எண்ணி வைத்தாள்.
பிறகு, நான் ‘ஐயோ’ என்பதற்குள்,
சிவப்புப் பேனாவால்
கருவாட்டின் முள்ளுக்குக் குறுக்கே ஒரு கோடு,
சோப்புக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
முன்பக்கங்களில் அவள் அப்பா போட்ட கோடுகள்
பழுப்பேறிக் கிடந்தன,
வரைந்தவர் அவற்றுக்கும் இடம் விட்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வட்டம்.
உள்ளே ஒன்றுமில்லை. விலையும் இல்லை.
பேனா நின்றது.
‘இது என்னா சாமான்?’
தெரியாது என்றேன்.
‘அப்ப எப்படி அடிக்கிறது?’
மூடிக் கொடுத்துவிட்டாள்.

எண் 118. நிலை: நன்று.
சிவப்பு மைக் கோடுகள், மூன்று அண்மையவை,
அகற்ற வேண்டாம்.
கடைசிப் பக்கம்:
இன்னும் பாக்கி.