முகவரி வரி மூன்று

புது வெர்ஷன் வந்த திங்கட்கிழமை
குறிப்புப் பெட்டியைக் காணோம்.
"தேவையற்ற களம் நீக்கப்பட்டது" என்றது திரை.
சராசரி நேரம் ஒன்பது நிமிஷத்திலிருந்து நாலு.
பக்கத்தில் பச்சையாய் ஓர் அம்பு, மேலே பார்த்து.

ஆறு வருஷம் அந்தப் பெட்டிக்குள்தான்
கொருக்குப்பேட்டையை நான் மடித்து வைத்தேன்:
கார்டில் ஏகவள்ளி, ஆதாரில் ஏகவல்லி, ஆள் ஒன்றே.
கதவு எண் பழசு 14, புதுசு 31, சுவரில் இருப்பது 22.
செல் நம்பர் இறந்தவருடையது,
ஓடிபி வந்தால் மச்சினன் சொல்வார்,
அவருக்கு ஹார்பரில் நைட் ஷிஃப்ட்.

இப்போது எல்லாமே நாலு நிமிஷம்.
அழுத்தினால் போகிறது.
பத்தாம் நாள் திரும்பி வருகிறது: விவரம் பொருந்தவில்லை.
திரும்பி வருகிறவர்
புது ஆளாக ஏறுவார் கணக்கில்.
டில்லிபாபு ஒருவரே போன மாசம் மூன்று பயனாளி.
பன்னிரண்டு நிமிஷம், கையில் ஒன்றுமில்லை.
மண்டலத்தில் எங்கள் கவுண்டர் முதலிடம்.
கேக் வெட்டினோம்.
அவரும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

டோக்கனும் புதுசு.
பத்தே கால் என்றால் பத்தே கால்,
ஐந்து நிமிஷம் தாண்டினால் தானாக அழியும்.
செய்தவர்களுக்கு எங்கள் கேட்டைத் தெரியாது.
கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டால்
டேங்கர் டேங்கராக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.
சிலர் குனிந்து புகுந்து வந்துவிடுவார்கள்.
ஏகவல்லிக்கு முட்டி மடங்காது.
இரண்டு டேங்கருக்கு நடுவில்
அவள் புடவை எனக்குத் தெரிகிறது,
கையில் மஞ்சள் ஃபைல்.
இந்தப் பக்கம் அவள் டோக்கன்
சாம்பல் நிறமாகிறது.

மறுநாள் திரை கேட்டது:
இரண்டாவது விண்ணப்பம் ஏன்?
கேட்டதே தவிர
பதில் எழுத இடம் விடவில்லை.
தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்,
முகவரி வரி மூன்று
எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்கிறது.
"கேட் போட்டிருந்தது" என்று போட்டேன்.

தண்டையார்பேட்டை தாலுகா ஆபீசில்
முகம் தெரியாத யாரோ அதைப் படித்திருக்கிறார்.
ஒப்புதல் காரணம் என்ற இடத்தில்
"நானும் அங்க மாட்டியிருக்கேன்" என்று அடித்து
அனுப்பிவிட்டார்.

வருமானச் சான்றிதழ் அச்சாகி வந்தது.
க்யூஆர் கட்டம், டிஜிட்டல் கையெழுத்து, கோபுர முத்திரை.
எண் 31, ஏழாவது தெரு,
கேட் போட்டிருந்தது,
கொருக்குப்பேட்டை, சென்னை 21.

எனக்கு வயிறு கலங்கியது.
திருத்தம் போடுறேங்க்கா,
இன்னொரு பத்து நாள் ஆகும் என்றேன்.
மகளுக்குக் காலேஜில் நாளைதான் கடைசி தேதி.
ஏகவல்லி விரல் வைத்து
வரி வரியாகப் படித்தாள்,
மூன்றாம் வரியில் கொஞ்சம் நின்றாள்.
"கரீட்டாத்தான் போட்டுக்கீறாங்க.
லேமினேஷன் எவ்ளோ?"