நூற்றுப் பதினான்காம் கிலோமீட்டர்

பாலைவனம் என்றதும் மணல்மேடுகளை நினைத்துக்கொள்வீர்கள்.
ஹைமாவுக்குக் கிழக்கே அப்படியில்லை.
பொடிக்கல்,
பொடிக்கல்லுக்கு அப்பால் பொடிக்கல்,
வானம் சாய்ந்துகொள்ள ஒரு குன்றுகூடக் கிடையாது.

குழாயை எனக்குத் தெரியும், பார்த்ததில்லை.
ஓர் ஆள் ஆழத்தில் எண்ணெய் போகிறது.
துரு தின்னாமல் இருக்க
அதைச் சுற்றி மெல்லிய மின்சாரம் விட்டிருக்கிறார்கள்.
கிலோமீட்டருக்கு ஒரு மஞ்சள் கம்பம்.
கம்பத்துக்குக் கம்பம் இறங்கி
காப்பு இருக்கிறதா என்று
மண்ணைக் கேட்டு எழுதிவர எனக்குச் சம்பளம்.

கேட்கும் முறை இது:
கையகலத்துக்குக் கல்லை ஒதுக்கு.
குடிக்கும் பாட்டிலிலிருந்து ஒரு மிடறு ஊற்று.
காய்ந்த மண்ணில் எண் நிற்காது, அலையும்.
நனைந்த இடத்தில் செம்புமுனையை ஊன்றி,
சிவப்பு வயரைக் கம்பத்தில் கொடுத்து,
மீட்டர் அடங்கும்வரை குந்தியிரு.

ஒன்பது வருடமாகக் குந்தியிருக்கிறேன்.
இதற்குத் தியானம் என்று பெயர் உண்டென
யாராவது சொல்லியிருந்தால்
ஓவர்டைம் கேட்டிருப்பேன்.

தனியாகப் போகக்கூடாது என்பது கம்பெனி விதி.
சுல்ஃபிகருக்கு முந்தின இரவு கடைவாய்ப் பல்.
ஆஸ்பத்திரி வாசலில் அவனை விட்டுவிட்டு
விடியுமுன் நானே வண்டியெடுத்தேன்.
முதல் அரைமணி நேரம் பாட்டு போட்டேன்.
பிறகு ஏனோ நிறுத்திவிட்டேன்.

ஐந்தரை மணிக்குக் கடல் வந்தது.
நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் கடல்,
அலையை அங்கேயே வைத்துவிட்டு
வெள்ளையாக, நடந்து.
முதலில் தூரம் போனது. அப்புறம் பானெட் போனது.
எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்.
நீட்டிய கையின் மணிக்கட்டுவரை நான் இருந்தேன்,
அதற்குமேல் தெரியவில்லை.

எங்கோ சொட்டும் சத்தம்.
தேடிப் போய் முட்டிக்கொண்ட பிறகுதான் மரம்.
முள்மரம், ஒற்றை.
பனியை ஊசிஊசியாகப் பிடித்துத்
தன் காலடியில் மட்டும்
தனக்கே மழை பெய்துகொண்டிருந்தது.
ஊரெல்லாம் பெய்தால்தான் மழை என்றிருந்தேன்.

திரும்பி வந்தால் என் கம்பத்தை
ஒரு மான் நக்கிக்கொண்டிருக்கிறது.
மஞ்சள் பெயிண்டில் வழியும் ஈரத்தை,
114 என்ற எண்ணின் மேல்,
அவசரமில்லாமல்.
என்னைப் பார்த்தது.
பார்த்துவிட்டு மறுபடி நக்கியது.
எனக்கு அழுகை வந்ததற்கு
சத்தியமாகக் காரணம் தெரியாது.
வீட்டு ஞாபகம் இல்லை. கடன் ஞாபகம் இல்லை.
கும்பிடத் தோன்றியது,
கைகளில் மீட்டர்.

அது போனபின் கல்லை ஒதுக்கினேன்.
பாட்டிலைத் திறக்கவில்லை.
செம்புமுனை தொட்டதும் எண் நின்றது:
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
ஒரு துளிகூட நான் ஊற்றவில்லை.
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக
நான் கேட்குமுன் மண் சொன்னது.

அப்போதுதான் ரேடியோ.
கண்ட்ரோல் ரூமில் ரொமேல்,
மணிக்கொருமுறை கேட்கும் அதே தூக்கக் குரலில்:
ஒன்-ஒன்-ஃபோர், எத்தனை பேர்?

இரண்டு, என்றேன்.

வேலை போய்விடும், அதனால் சொன்ன பொய்.
ஆனால் பொய் சொன்னால் வரும் அந்தச் சூடு
காதில் வரவில்லை.
பட்டனை விட்ட பிறகு
திரும்பிப் பார்த்தேன்.

எட்டு மணிக்கு வெயில் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டது.
மரம் வெறும் மரம், நான்கு பர்லாங்கு தள்ளி,
முட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லாத இடத்தில்.
நூற்றுப் பதினைந்தில் தண்ணீர் ஊற்றினேன்.
நூற்றுப் பதினாறிலும்.

மாலையில் சுல்ஃபிகர் வீங்கிய கன்னத்தோடு
போர்ம்களைப் புரட்டினான்.
இங்கே குறிப்பு எழுதவில்லையே, என்றான்.
அந்தக் கட்டம் சின்னது.
எழுதிப் பார்த்து அடித்திருந்தேன்,
அடித்ததற்குக் கீழே
ஈரம், என்று மட்டும் தெரிகிறது.