உச்சிக்குப் பதினொரு பாகை முன்

மொறிஸ் மைனருக்குள் டட்சன் எஞ்சின்.
ஹெட்டை ஒரு மில்லிமீற்றர் சீவியாயிற்று.
கார்பரேற்றர் வேறொரு வண்டியின்ரை.
கிராங்கின் முன்சக்கரம் எதனுடையதென்று
வவுனியாவில் விற்றவனுக்கே தெரியாது.
அதிலிருக்கும் கோடு பொய்.

பொய்க்கோட்டை வைத்து டைமிங் பிடிக்கேலாது, ஜெயசீலி,
என்றேன்.
கைப்பையைக் கிண்டி
நகப்பூச்சுக் குப்பியை நீட்டினாள். கத்தரிப்பூ நிறம்.
வேலைக்குப் பூசக் கூடாதாம்,
சும்மாதான் கிடக்காம்.

முதலாம் பிளக்கைக் கழற்றி
அந்தத் துளைக்குள் ஒரு தடையை முறுக்கினேன்.
பிஸ்டன் வந்து முட்டும்வரை கையால் சுற்றி
ஒரு கோடு.
மறுபக்கம் சுற்றி, முட்ட, இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே உச்சி.
நூலால் சக்கரத்தைச் சுற்றி அளந்தேன்,
போனில் முந்நூற்று அறுபதால் பிரித்து
பாகைக்கு இவ்வளவு என்றாள்.

டைமிங் லைற் பரந்தனில் இரவல்.
அதைப் பிடித்தால்
நிமிடத்துக்கு எண்ணூறு தரம் சுழலும் சக்கரத்தில்
கத்தரிப்பூக் கோடு
அசையாமல் நிற்கும்.
நிற்குது எண்டு நம்பி விரலை நீட்டினவனை
எனக்குத் தெரியும்.
மிச்ச ஒன்பது விரலோடும்
முறிகண்டியில் கச்சான் விற்கிறான்.

புத்தகம் ஏழு பாகை என்கிறது.
அது இந்த ஹெட்டைக் காணாத புத்தகம்.
இந்தப் பெற்றோலையும்.
பதினாலில் வைத்தேன். நின்ற இடத்தில்
பூனை மாதிரி உறுமியது.
நின்ற இடத்தில் எல்லா எஞ்சினும் நல்லதுதான்.

பிஸ்டன் உச்சியைத் தொடமுன்னமே
பொறி விழ வேணும்,
நெருப்புக்கும் பரவ நேரம் வேணும்.
பிந்தினால் சோம்பல், சூடு, சைலன்சருக்குள் பொருமல்.
நல்லாய் முந்தினால்
ஏறி வருகிறவனின் தலையிலேயே அடி.
தட்டும்.
தட்டத் தட்ட ஒருநாள் பிஸ்டனில் ஓட்டை.

வன்னியில் ஏற்றம் தேடிப் பிடிக்க வேணும்.
இரணைமடுக் குளக்கட்டுக்கு ஏறும் துண்டுதான் எனக்குக் கிடைத்த மலை.
மூன்றாம் கியரில், முழுக்க அமத்தி.

ஆனால் கேட்பது ஆர்?
என் இடக்காது இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து
ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருக்கிறது.
வலக்காதை, ஸ்ரியரிங் அந்தப் பக்கமென்றபடியால்,
சன்னல் காற்று தின்னுகிறது.

அவள் முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறவள்.
நாள் முழுக்கக் காதை மண்ணுக்குக் குடுத்து
ஆணிக்கு ஒரு சத்தம், பேணிமூடிக்கு ஒரு சத்தம்,
மற்றதுக்கு ஒரு சத்தம்.

இருக்கு, என்றாள்.
எப்பிடி?
பேணிக்குள்ளை குறுணிக்கல்லு போட்டு ஆட்டின மாதிரி.

இறங்கினேன். பொனெற். நட்டைத் தளர்த்தி
டிஸ்ரிபியூற்றரை ஒரு மயிரளவு திருப்பி
திரும்பக் கீழிருந்து ஏற்றம்.
இன்னும் இருக்கு.
இன்னும் ஒரு மயிர்.
மெல்லிசாய்க் கிடக்கு, கடைசி வளைவிலை.

வெடிக்கிறதுதானே அதின்ரை வேலை,
பிறகேன் இவ்வளவு பயம், என்று கேட்டாள்.
வெடிக்கட்டும், நேரத்துக்கு வெடிக்கட்டும், என்றேன்.
எங்கடை சாமானுக்கு
அப்பிடி ஒரு நேரம் இல்லை, என்றாள்,
வெளியே பார்த்தபடி.

நாலாந்தரம்
நான் வாய் திறக்கக் கையை உயர்த்தி மறித்தாள்.
வளைவு போனது. கட்டு வந்தது.
குளம் முழுக்கத் தண்ணீர் தெரிந்தது.
கை இறங்கவில்லை.
பிறகு, இல்லை, என்றாள்.

லைற்றைப் பிடித்துப் பார்த்தேன். பதினொன்று.
பொனெற்றின் உள்பக்கம் அவளே எழுதினாள்,
மிச்ச நகப்பூச்சால், பெரிதாக.
வேறெந்த எஞ்சினுக்கும் உதவாத இலக்கம்.

வழக்கமாய் நல்ல காதைத் தலையணைக்குள் புதைத்துத்தான்
நித்திரை கொள்ளுவேன்.
அன்றிரவு மற்றப்பக்கம் படுத்தேன்.
நாலரைக்கு வட்டக்கச்சி றோட்டால் வந்தது,
மூன்று பேரை ஏற்றிய பாரத்தோடு,
குளிர் எஞ்சின்,
பாலத்தடியில் கியர் மாற்றினாள்,
அமத்தினாள்.

தட்டவில்லை.

புரண்டு படுத்தேன்.