பின்வருவது

போர்நிறுத்தக் காலத்தில் ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில்
எனக்கு வேலை,
ஒரு வாயிலிருந்து எடுத்து இன்னொரு காதில் வைப்பது.

ஐஸ்லாந்துக்காரன், பெயர் ஸ்டெய்ன்தோர்.
வாசலில் நின்ற சனத்துக்குத் தோரண்ணை.
வெயிலில் வெந்த இறால்போலச் சிவந்து
படிவம் நிரப்புவான்.
பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம்,
கடைசியாக உடுத்திருந்தது.

கரண்ட் நின்ற மத்தியானங்களில் கதை சொல்வான்.
அவன் முன்னோருக்கு உயிர் ஒன்றல்லவாம்.
உரு என்று ஒன்று, கழற்றி மாற்றலாம்.
மனம் என்று ஒன்று, ஆள் உறங்க ஊர் சுற்றும்.
குடும்பத்தின் அதிர்ஷ்டமும் ஓர் உயிர்தான்,
செத்தவனிடமிருந்து இறங்கி
அவன் பெயர் வைத்த பிள்ளையில் ஏறிக்கொள்ளும்.
வாளால் விழுந்தவனுக்கு மண்டபம்.
காய்ச்சலில் போனவனுக்குக் குளிர்ந்த கீழ்வீடு.
கடலில் போனவனை
வலையோடு காத்திருக்கிற ஒருத்தி அள்ளுவாள்,
அவளுக்குக் கொடுக்க மடியில் கொஞ்சம் பொன் வேண்டும்.
(கொட்டியாரக் குடாவில் போனவர்களின் மடியில்
லோஞ்சு டிக்கட் இருந்திருக்கும்.)

சில குடிகள் செத்தபின்
ஊரருகே ஒரு மலைக்குள் போவார்களாம்.
உள்ளே அடுப்பெரியும். சிரிப்புக் கேட்கும்.
மலையின் பெயர் என்ன என்றேன்.
புனித மலை என்றான்.
எங்கள் ஊருக்கும் அதே பெயர்தான், திருமலை என்றேன்,
ஆனால் மலைக்குப் போகிற வழியில் ஆமிக் காம்ப்.

ஒரு வெள்ளிக்கிழமை
சாம்பல்தீவிலிருந்து அன்னரத்தினம் வந்தாள்.
புருஷன் காணாமல் போனதற்கு அல்ல.
அதைத் தொண்ணூறிலேயே
நாலு இடத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று.
அவர் வருகிறதைப் பற்றித்தான் முறைப்பாடு.

பின்னேரம் ஆறேகாலுக்கு
வேலிக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம்.
அவருடைய ஸ்டாண்டில் ஒரு ஸ்பிரிங் இல்லை,
இரண்டு தரம் தட்டும்.
எழும்பிப் போனால் ஒருவருமில்லை.
பதின்மூன்று வருஷம்.
தேத்தண்ணி ஊற்றி வைக்கிறதா, விடுகிறதா,
அதை மட்டும் கேட்டுச் சொல்லு பிள்ளை.

சொன்னேன், இங்கிலீசில்,
ஸ்பிரிங்கையும் விடாமல்.
அவன் பேனையை வைத்தான்.
மூடியைத் தேடினான், அது கையில்தான் இருந்தது.

எங்களிடம் இதற்கு ஒரு சொல் உண்டு என்றான்.
பின்வருவது என்று பொருள்,
ஆனால் ஆளுக்கு முன்னால் வந்துவிடும்.
ஆள் இன்னும் பாதையில் இருக்க
அது கதவைத் தட்டும், சப்பாத்தை உதறும்,
வீட்டில் உலை வைப்பார்கள்.
ஆள் செத்தால் அதுவும் சாகும்,
அல்லது இரத்தத்தில் வேறொருவரைப் பிடித்துக்கொள்ளும்.

அப்போ, இன்னும் அது வருகிறதென்றால்
என்று தொடங்கி
என்னைப் பார்த்தான்.

அந்த வசனத்துக்கு ஒரு வினைச்சொல் பாக்கி.
தமிழில் அது கடைசியில்தான் வரும்.
நான்தான் போட வேண்டும்.

எங்கள் மூவருக்கும் மேலே நின்றுபோன மின்விசிறி.

ஐயா எழுதிக்கொண்டார் அக்கா, என்றேன்.
தேத்தண்ணி? என்றாள்.
ஊற்றி வையுங்கோ.
இதை அவன் சொல்லவில்லை.

பெட்டிகளோடு அவர்கள் போய் வெகுகாலம்.
படிவங்கள் எந்த நாட்டு அலுமாரியில்
குளிர் காய்கின்றனவோ.

நான் இப்போது சாம்பல்தீவில் வாடகைக்கு,
அவள் வேலிக்கு இந்தப் பக்கம்.
வாங்கும்போதே சைக்கிளின் ஸ்டாண்டைக் கழற்றச் சொன்னேன்.
கடைக்காரன் ஏன் என்றான், மழுப்பினேன்.
வேலை விட்டு வந்தால் மதகடியிலேயே இறங்கி
உருட்டிக்கொண்டு போய்
மாமரத்தில் மெல்லச் சாய்த்துவைப்பேன்.

நேற்று கை நழுவியது.
விழுந்து, ஒருதரம் துள்ளி, மறுபடி விழுந்தது.

வேலிக்கு அப்பால்
கேத்தில் மூடி திறக்கிற சத்தம்.