உறை

இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
வெள்ளிக்கிழமை போர்வெனீர்ப் படகில்
நீரிணையைக் கடந்து வருகிறது நாய்.
கயிறு வீசும் நிபால்தோ
தன் மழைக்கோட்டை விரித்து அதைப் படுக்க வைப்பான்.
கூலி கேட்க மாட்டான்.
வாந்தி எடுத்த நாளில் மட்டும்
புந்தா அரேனாஸ் கரையில் என்னைப் பார்த்துத் தலையாட்டுவான்.

லெங்காவின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் நோட்டு.
நோட்டில் ஸ்லாவ்காவின் சாய்ந்த எழுத்து:

செவ்வாய், காலை. இளக்கம். மஞ்சள்.
புதன். இரண்டு முறை. கெட்டி. பரவாயில்லை.
வியாழன். தண்ணீர். நீலக் கம்பளத்தின் மேல்.

பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது
இத்தனை வரி நாங்கள் எழுதிக்கொண்டதில்லை.
பிரிந்த பிறகு
ஒரு நாயின் மலத்தைப் பற்றி
இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறோம்.

கோளாறு மார்ச்சில் தொடங்கியது.
பூச்சி மருந்து. பிறகு ஆன்டிபயாட்டிக், பத்து நாள்.
பிறகு கஞ்சியும் வேகவைத்த கோழியும்.
விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று ஆனபோது
டாக்டர் ஓயார்சோ அதன் வயிற்றில் குழாயை வைத்து
வெகுநேரம் கேட்டார்,
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பவர்போல.
"கெட்டதை விரட்டப் போன மருந்து
நல்லதையும் சேர்த்து விரட்டிவிட்டது.
பாலுக்கு உறை ஊற்றுகிறோமே,
இந்தக் குடலுக்கும் ஊற்றிப் பார்ப்போம்.
பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம்."

பொடி சிறு பொட்டலங்களில் வந்தது.
ஒவ்வொன்றிலும் ஐந்நூறு கோடி உயிர்கள்
என்றது அட்டை.
குளிரில் வை. வெந்நீரில் கலக்காதே.
ஸ்லாவ்கா சிரித்திருப்பாள்.
ஊர்த் தண்ணீரில் கிருமி தேடுவதற்குத்தான்
நகராட்சி அவளுக்குச் சம்பளம் தருகிறது.
ஒன்று தென்பட்டாலும் குளோரின் கொட்டுகிறவள்
இப்போது காசு கொடுத்துக்
கோடிக்கணக்கில் வாங்குகிறாள்.

எனக்கு நண்டு ஆலையில் குளிர்சாதன வேலை.
மைனஸ் இருபதில் எதையும் கிடத்தி வைக்கத் தெரியும்.
நாலு டிகிரியில் உயிரோடு வைப்பது
பழக்கமில்லாத காரியம்.

இரவில் தட்டில் பொடியைத் தூவும்போது நினைப்பேன்:
ஐந்நூறு கோடிப் பேர்
இருட்டில் இறங்குகிறார்கள், வீடு பார்க்க.
வாடகை பேசவில்லை.
யார் யாரை விட்டுப் போனார்கள் என்று விசாரிக்கவில்லை.
இடம் இருந்தால் இருப்பார்கள்.
இல்லையென்றால் காலையில் வெளியே.

ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளி, காற்று.
படகு இல்லை. ஆலைக்கும் பூட்டு.
நாய் என்னோடு தங்கிவிட்டது.
சனி, கெட்டி. ஞாயிறு, கெட்டி.
திங்கள், கெட்டி, நல்ல பழுப்பு.
எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
என் வீட்டுத் திங்கட்கிழமைகள் அத்தனையும் தண்ணீர்.
ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில்
மெல்லிய கோடு போட்டிருக்கிறாள்.
ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

ஞாயிறுதோறும் ஆலையிலிருந்து
உடைந்த நண்டுக்கால்கள் கொண்டுவருவேன்.
வெண்ணெயில் புரட்டி, நானும் அதுவும்,
அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து.
வாரத்தில் நான் யாரோடாவது சேர்ந்து சாப்பிடுவது
அந்த ஒரு வேளை.
நோட்டில் அது இல்லை.

எழுதினேன்:
ஞாயிறு, நண்டுக்கால், வெண்ணெயோடு. மார்ச்சிலிருந்து.
பேனா அதற்கு மேல் ஓடவில்லை.

காற்று அடங்கி, படகு போய்,
இரண்டு வாரம் கழித்து உறை திரும்பி வந்தது.

தெரியும், என்று இருந்தது.
இங்கே பொடி ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது.
கொடுத்ததாகவே எழுதிவந்தேன்.
கடை மூலையில்தான் இருக்கிறது. போகவில்லை.
பிறகு, இடம்விட்டு, வேறு மையில்:
படகுக்கு முந்தின நாள் வயிறு கலங்குவது
நாய்க்கு மட்டும் அல்ல.

அந்த வரியை நின்றுகொண்டே படித்தேன்.
லெங்கா கதவைப் பிறாண்டியது.
திறந்துவிட்டேன். பனியில் மூன்று வட்டம் போட்டு,
காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தியது.
டார்ச்சோடு போய்க் குனிந்து பார்த்தேன்.
ஆவி பறந்தது.

உள்ளே வந்து, கையைக் கழுவி,
அவள் வரிக்கு நேர் கீழே
தேதி போட்டு எழுதினேன்:
கெட்டி.